கப்பலும் சவரக் கத்தியும்

ஊர்விலக்கு என்றால் என்ன என்று நம் தோழர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரிய வீட்டுக்காரரின் கண் சிவந்தால் போதும். அந்த ஏழையின் அடுப்புக்கு நெருப்புத் தரக்கூடாது. அவன் ஊர்க் கிணற்றில் வாளி இறக்கக்கூடாது. அவன் துணியை வெளுக்கக்கூடாது. அவனுக்கு முடி மழிக்கக்கூடாது. கடைக்காரர் அவனுக்கு உப்பும் புளியும் அளக்கக்கூடாது. தடியெடுத்து அடிக்கவில்லை, குடிசையைக் கொளுத்தவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் ஒரே கிழமையில் மண்டியிட்டுவிடும். தலைமுறை தலைமுறையாக மேலிருந்தவர் கீழிருந்தவர் மீது வீசிவந்த ஆயுதம் அது.

அதே ஆயுதத்தைக் கீழிருந்தவர் கையிலெடுத்து, மேலிருந்தவரை நோக்கித் திருப்பினால் என்ன நடக்கும்? அயர்லாந்து நாட்டில் 1880-இல் அது நடந்தது. பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டு ஒருவர், பிரபு ஒருவரின் நிலத்துக்குக் காவலாக இருந்துகொண்டு குத்தகைக்காரரை வாட்டினார். ஊரார் அவர்மீது கை வைக்கவில்லை. அவர் வயலில் இறங்க மறுத்தனர். வீட்டு வேலைக்கு வர மறுத்தனர். சரக்குக் கொடுக்க மறுத்தனர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் அயர்லாந்தை விட்டே கிளம்பினார். அவர் பெயரே பல மொழிகளில் புறக்கணிப்புக்குப் பெயராயிற்று!

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தமிழகத்தின் தென்கோடியில், தூத்துக்குடியில், அதே காட்சி எழுந்தது. எழுப்பியவர் ஒரு வக்கீல். வ.உ.சிதம்பரனார் என்று நாடு அவரை அறியும். கப்பலோட்டியவர் என்று போற்றும். கப்பலை மட்டும் பேசிவிட்டு, கப்பலுக்குக் கீழே தோள் கொடுத்தவர்களை மறந்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆகவேதான் நாம் அவர் வாழ்வை ஆலைவாயிலில் நின்று பார்க்க விரும்புகிறோம்.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தை உலகநாதர் வக்கீல். தாய் பரமாயி அம்மையார். வசதியான குடும்பம். மகனும் வக்கீல் தேர்வில் தேறி, 1895-இல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். ஏழைகளின் வழக்கைக் கூலி வாங்காமலும் நடத்தினார். எளியவனைப் பொய் வழக்கில் மாட்டிவைத்துக் கொழுத்த போலீசார், இந்த இளம் வக்கீலைக் கண்டாலே முகம் சுளித்தனர். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அந்நாளில் யாருடையது? பெயருக்கு நம்முடையது. உப்பு விளைவித்தவன் தமிழன்; பஞ்சு மூட்டை சுமந்தவன் தமிழன்; ஆலையில் நூல் நூற்றவன் தமிழன். ஆனால் ஆலை வெள்ளையனுடையது. கொழும்புக்குப் போகும் கப்பல் வெள்ளையனுடையது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்பது அதன் பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிக்கப் போகும் தமிழன்கூட, வெள்ளையன் கேட்ட கூலியைக் கொடுத்து, வெள்ளையன் கப்பலில்தான் ஏற வேண்டும்!

1905-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கர்சான் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டினார். வங்கம் கொதித்தது. அன்னியத் துணியை வாங்காதே, அன்னியச் சரக்கைத் தொடாதே என்ற குரல் கல்கத்தாவில் எழுந்து நாடெங்கும் பரவிற்று. பல ஊர்களில் அந்தக் குரல் கூட்டத்தோடு தொடங்கிக் கூட்டத்தோடு முடிந்தது. சிதம்பரனாருக்கு அது போதவில்லை. வெள்ளையன் துணி வேண்டாம் என்றால் உடுத்துவதற்கு வேறு துணி வேண்டாமா? தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையைத் தொடங்கினார். சுதேசிப் பண்டகசாலை கண்டார். வெள்ளையன் கப்பல் வேண்டாம் என்றால் ஏறிப் போவதற்கு வேறு கப்பல் வேண்டாமா?

வங்கம் பிளக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1906 அக்டோபர் 16-இல், சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று விதி. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற பெருவணிகர் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கினார். சிதம்பரனார் துணைச் செயலாளர். பதவிப் பெயர் சிறியது. கம்பெனியின் மூச்சு அவர்தான்.

முதலில் வாடகைக் கப்பல். பம்பாயிலே ஒரு கம்பெனியிடம் எடுத்தார்கள். வெள்ளைக் கம்பெனி விடுமா? மிரட்டிற்று; வாடகைக்குக் கொடுத்தவர் பின்வாங்கினார். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார்கள். பிறர் கப்பலை நம்பினால் பிறர் காலைப் பிடிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றிருந்தான், மனைவி நிறைமாதம் என்று கூறுவர். கப்பலின்றித் திரும்புவதில்லை என்று போனவர், 1907-இல் கப்பலோடுதான் திரும்பினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளைச் சுமக்கும். 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றும்.

அதன்பின் நடந்தது கடலிலே ஒரு விலைப்போர். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கிற்று. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கிற்று. காசே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஏறினால் ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு வெள்ளையன் இறங்கி வந்தான் என்று இன்றும் சொல்வார்கள். இலவசத்தை வேண்டாமென்று தள்ளி, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்களே, அவர்கள் யார்? மாளிகைவாசிகளா? மூட்டை முடிச்சோடு கொழும்புக்குப் போன சாமானியர்கள்! எட்டணா அவனுக்குக் கூலி. எட்டணா அவன் வீட்டு அரிசி. அதைக் கொடுத்துத்தான் அவன் தன் மறுப்பைப் பதிவு செய்தான்.

ஆனால் விலைப்போரில் பணம் உள்ளவன் நாளெல்லாம் நிற்பான். வெள்ளைக் கம்பெனிக்கு நட்டம் என்பது ஒரு துறைமுகத்தில் மட்டும். மற்றத் துறைமுகங்களின் லாபம் அதை நிரப்பிவிடும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே வழி, ஒரே வரவு. இயக்குநர்களின் முகம் வாடத் தொடங்கிற்று. சிதம்பரனார் அரசியல் பேசுவதால்தான் சர்க்காரின் பகை வருகிறது, அவர் வாயை மூடிக்கொண்டு வணிகத்தைக் கவனித்தால் ஆகாதா என்ற முணுமுணுப்பு அவர்களிடையே எழுந்தது. 1907 டிசம்பரில் சூரத்துக் காங்கிரசுக்குப் போய்த் திலகர் பக்கம் நின்று திரும்பியவர் அவர். வாயை மூடுவாரா?

திரும்பியவர் போய் நின்ற இடம் கோரல் ஆலையின் வாயில்.

ஹார்வி கம்பெனியின் நூற்பாலை அது. பொழுது விடியுமுன் உள்ளே போக வேண்டும். இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். சிறுவர்களும் வேலை செய்தனர். வார விடுமுறை கிடையாது. கூலியோ வயிற்றுக்குப் போதாது. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் மாலைதோறும் கூட்டம் போட்டுப் பேசினர். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு வேண்டும், வார ஓய்வு வேண்டும், விடுமுறை வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள்.

தோழர்களே, வேலைநிறுத்தம் என்றதும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது கொடியையும் கோஷத்தையும் அல்ல. மூன்றாம் நாள் இரவுச் சோற்றை! சிதம்பரனார் அதை எண்ணினார். ஊரில் பணம் திரட்டினார். தம் கைப்பணத்தைப் போட்டார். வேலையிழந்தோர்க்கு ஊரார் வீடுகளிலும் கடைகளிலும் வேறு வேலை பார்த்துக் கொடுத்தார். ஆலைத் தொழிலாளி பட்டினியால் பணிவான் என்று காத்திருந்த துரைமார் ஏமாந்தனர்.

அத்துடன் ஊர் தன் பங்கைச் செய்தது. வெள்ளையர் வீட்டுக்கும் அவர்களுக்கு வால்பிடித்தோர் வீட்டுக்கும் பணி செய்ய மறுப்பு எழுந்தது. துணி வெளுப்பவர் வரவில்லை. சமையற்காரர் வரவில்லை. வண்டிக்காரர் வண்டி பூட்டவில்லை. கடைத்தெருவில் சாமான் கிடைக்கவில்லை. கரையில் உறங்க அஞ்சி, சில துரைமார் இரவைக் கடலில் கழித்தனர் என்றும் கூறுவர்.

சவரத் தொழிலாளி ஒருவரின் கதையையும் தூத்துக்குடி மறக்கவில்லை. உள்ளூர் வக்கீல் ஒருவருக்கு அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வக்கீல் பேச்சோடு பேச்சாகச் சிதம்பரனாரைப் பழித்தார். தொழிலாளி வாதம் செய்யவில்லை. கத்தியை மடித்தார், பெட்டியை மூடினார், எழுந்து நடந்தார். பாதி முகம் மழித்த கோலத்தில் வக்கீல் உட்கார்ந்திருந்தார். மீதியை மழிக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை!

கத்தி கையில் இருந்தது. கழுத்து எதிரே இருந்தது. அந்த மனிதர் செய்ததெல்லாம் கத்தியை மடித்து வைத்ததுதான். வன்முறையற்ற புறக்கணிப்பு என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தப் பேரறிஞர் எழுதிவிட முடியும்? ஊர்க்கட்டு என்ற பெயரால் எந்தத் தொழிலாளியை ஏவி எளியவனை ஒடுக்கினார்களோ, அந்தத் தொழிலாளி அன்று எவர் ஏவலுமின்றித் தானே முடிவெடுத்தான். யாருக்குப் பணி செய்வது, யாருக்குச் செய்வதில்லை என்று தீர்மானிக்கும் உரிமை தன் கையில் இருப்பதைக் கண்டுகொண்டான். அந்த உணர்வைக் கப்பலைவிடப் பெரிது என்று நாம் கருதுகிறோம்.

ஆலை முதலாளிகள் ஒன்பது நாள் தாக்குப் பிடித்தனர். பிறகு இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வு கிடைத்தது. மற்ற வெள்ளைக் கம்பெனிகளும், நமக்கேன் வம்பு என்று தங்கள் ஆட்களின் கூலியைத் தாமாகவே உயர்த்தின. கல்கத்தாவில் அரவிந்தரின் வந்தே மாதரம் ஏடு, தூத்துக்குடித் தொழிலாளரைப் பாராட்டி எழுதிற்று.

கப்பலைக்கூடப் பொறுத்த சர்க்கார், இதைப் பொறுக்கவில்லை. வக்கீலும் தொழிலாளியும் கை கோத்துவிட்டால் ஆட்சி எதன்மேல் நிற்பது? வங்கத் தலைவர் விபின் சந்திரபாலர் சிறையிலிருந்து விடுதலையாவதைக் கொண்டாட நாள் குறித்தார்கள். கலெக்டர் விஞ்ச், சிதம்பரனாரைத் திருநெல்வேலிக்கு அழைத்து, அடங்கி நடக்கும்படி கட்டளையிட்டார். அவர் அடங்கவில்லை. மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனார், சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைதாயினர்.

மறுநாள் திருநெல்வேலி பொங்கிற்று. கடைகள் அடைத்தன, மாணவர் வெளியேறினர். கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் போலீஸ் நிலையமும் தீக்கிரையாயின. போலீசார் சுட்டனர். நால்வர் மாண்டனர். தீ வைத்ததை நாம் புகழவில்லை. நெருப்பு எழுந்ததும் துப்பாக்கிக்கு வேலை வந்துவிட்டது. பாதி மழித்த முகத்தைப் பார்த்துச் சுடுவதற்கு எந்தச் சட்டத்திலும் வழியில்லை!

தூத்துக்குடி வேறு வழியில் பேசிற்று. ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அல்ல. கோரியது எல்லாம் முன்பே கிடைத்துவிட்டது. தங்களுக்காகச் சிறை புகுந்தவருக்காக நிறுத்தினர். சவரத் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், குதிரை வண்டிக்காரர், கடைக்காரர் எல்லோரும் சேர்ந்தனர். அந்த ஆண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்ததை வரலாறு பெரிதாகப் பேசுகிறது. பேசட்டும். அதற்கு நான்கு மாதம் முன்பே தூத்துக்குடித் தொழிலாளர் அதைச் செய்துவிட்டனர் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்! அதற்கு அவர்கள் விலையும் கொடுத்தனர். தண்டப் போலீசை ஊரில் நிறுத்தி, அதன் செலவை மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டிற்று சர்க்கார்.

ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது ஆண்டு! கேட்டவருக்கு வயது முப்பத்தைந்து. தம்பி மீனாட்சிசுந்தரம் செய்தியைக் கேட்டுச் சித்தம் கலங்கினார், கடைசிவரை தெளியவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினார்கள். சணல் கிழிக்கும் எந்திரத்தில் கைத்தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. பிறகு கண்ணனூர்ச் சிறை. அந்தக் கையோடுதான் எழுதினார். ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கினார், நீதிநூல் யாத்தார்.

அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கப்பல் என்னவாயிற்று? நட்டம், கடன், சர்க்காரின் பகை, தலைமை தாங்கியவர் சிறையில். பங்குதாரர் பலர் கைவிட்டனர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த வெள்ளைக் கம்பெனியை எதிர்த்து அவர் கப்பல் வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே கப்பல் விலைபோயிற்று. உடைத்துக் கடலில் வீசியிருந்தாலும் மானம் மிஞ்சியிருக்கும் என்று அவர் நெஞ்சு குமுறியதாகக் கூறுவர்.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். சவரத் தொழிலாளி பின்வாங்கவில்லை. ஆலைத் தொழிலாளி பின்வாங்கவில்லை. எட்டணா கொடுத்துக் கப்பல் ஏறியவன் பின்வாங்கவில்லை. பின்வாங்கியது பணம்! பணக்காரரெல்லாம் கோழைகள் என்று நாம் கூறவில்லை. இரண்டு லட்சத்தைத் துணிந்து போட்ட ஹாஜியாரும் பணக்காரர்தான். ஆனால் பணத்துக்கு ஓர் இயல்பு உண்டு. லாபம் தெரிகிறவரை கொடி பிடிக்கும். நட்டம் தெரிந்தால் கொடியை மடிக்கும். பாட்டாளிக்கு மடித்து வைக்கக் கத்தி இருக்கிறது, நிறுத்தி வைக்கக் கை இருக்கிறது; அவற்றை ஏலத்தில் எவனும் எடுக்க முடியாது.

1912 டிசம்பரில் விடுதலை. ஊர்வலம் போன ஊர் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இருந்தது. சிறை வாயிலில் மக்கள் வெள்ளம் இல்லை, மாலைகள் இல்லை. பிறந்த மாவட்டத்துக்குப் போக வழியில்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடியேறினார். கப்பல் கம்பெனி நடத்தியவர் மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். வறுமை வாசலில் அல்ல, அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தது.

அந்நாளில் அவரை நினைத்தவர் யார்? தென்னாப்பிரிக்காவில் உழைத்துப் பிழைத்த தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய பணம் காந்தியாரிடம் இருந்தது. கடிதத்துக்குமேல் கடிதம் போய்வந்து, 1916-இல் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. கடல் கடந்த ஊரில் கூலி வேலை செய்தவன் கொடுத்த அணா அது. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் சென்னைத் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போனார், திரு.வி.க. முதலியோர் சங்கம் வளர்த்த பெரம்பூரில், அவர் குரலும் தொழிலாளர் நடுவே ஒலித்தது.

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், காந்தியாரின் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றது. பள்ளி, நீதிமன்றம், சட்டசபை, அன்னியத் துணி எல்லாவற்றையும் புறக்கணிப்போம் என்று நாடே கிளம்பிய நேரத்தில், புறக்கணிப்புக்காகச் செக்கிழுத்தவர் வெளியேறினார். திலகர் வழியில் நின்றவருக்கு அத்திட்டம் ஒப்பவில்லை. அது சரியா தவறா என்று இன்று தீர்ப்பெழுதுவது நம் வேலையல்ல. ஆனால் மக்கள் வெள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறவர் அல்லர் அவர் என்பது தெரிகிறது. கைதட்டல் கிடைக்கும் பக்கத்தை விட்டு, மண்ணெண்ணெய்க் கடைப் பக்கம் நிற்கத் துணிவு வேண்டும்.

வாலஸ் என்ற நீதிபதியின் நல்லெண்ணத்தால் வக்கீல் உரிமை மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியைப் பகைத்தவர், வெள்ளையரில் நல்லவரைப் பகைக்கவில்லை! கோவில்பட்டியில் வழக்காடினார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். இடையே திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்துத் தமிழுக்குப் பணி செய்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், அவர் விருப்பப்படியே, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அவர் எழுதிவைத்த உயிலில் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளின் பட்டியல் இருந்தது.

இன்று அவர் பெயரில் தெரு உண்டு, சிலை உண்டு. 1961-இல் படம் எடுத்தார்கள். நடிப்பைக் கண்டு நாடே கண்ணீர் விட்டது. 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்குகிறது. மகிழ்ச்சி! ஆனால் மாலை போடும் கைகளை நாம் ஒன்று கேட்கிறோம். கடைப்பாக்கியோடு அவர் கண்மூடிய நாளில் இந்தக் கைகள் எங்கே இருந்தன?

கேட்பது பழியைத் தூற்ற அல்ல, பாடம் படிக்க. மறுத்தால் மட்டும் போதாது, மாற்றும் வேண்டும் என்று நெசவுச் சாலையும் கப்பலும் கண்டார். மறுப்பின் வலிமை உழைப்பவன் கையில் இருக்கிறது என்பதை ஆலைவாயிலில் மெய்ப்பித்தார். மூன்றாவது ஒன்று உண்டு. அதை அவர் மற்றவர்க்குச் செய்தார், மற்றவர் அவருக்குச் செய்யவில்லை. போராடுகிறவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது!

ஆகவே தோழர்களே, உங்கள் சங்கத்தில் அடுத்த முறை போராட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, கொடிக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குப் போடுமுன் அரிசிக்குக் கணக்குப் போடுங்கள். சிறைக்குப் போகிறவர் பெயரை எழுதும் ஏட்டில், பக்கத்திலேயே அவர் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டப் போகிறவர் பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது பெயர் கிடைக்காத வரையில், முதல் பெயரைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.